கித்தாரை ஓரமாக வைத்த ஒரு கூட்டுத் தொகுப்பு: 'லவ் திஸ் ஜயன்ட்' தொகுப்பை எப்படிக் கேட்பது?

கெடிலக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாக ஒரு பேண்டு செட்டில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதல் வாத்தியம் வாசித்து வருகிறேன். மாதா கோயில் தேர், கல்யாண ஊர்வலம், சாவு வீடு என்று எது வந்தாலும் போவோம். என் பள்ளித் தோழி ஒருவர் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறார். அவர் பாடல் எழுதுவார், பாடுவார், கணினியில் தாளமும் பின்னணியும் அமைப்பார். இருவரும் சேர்ந்து ஐந்து பாடல்கள் கொண்ட ஒரு சிறு தொகுப்பைச் செய்து, ஜூன் 21 அன்று புதுச்சேரியில் நடக்கும் இசைத் திருநாளில் வாசிக்க வேண்டும் என்று ஓராண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதைக் கேள்விப்பட்ட ஒரு நண்பர், டேவிட் பைர்ன், செயின்ட் வின்சென்ட் என்ற மேலைநாட்டு ராக் பாடகர்கள் இருவரும் சேர்ந்து 2012 செப்டம்பரில் வெளியிட்ட 'லவ் திஸ் ஜயன்ட்' தொகுப்பை முதலில் கேட்கும்படி சொன்னார். நான்கு முறை கேட்டுவிட்டேன். நான்காவது முறை கேட்டது கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் பேருந்தில். ஏறியவுடன் தொடங்கினேன், அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் வண்டி நின்றபோது பன்னிரண்டு பாடல்களும் முடிந்துவிட்டன. இறங்கும்போது எனக்குப் பிடித்திருந்ததா இல்லையா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஆனால் மனம் அதைவிட்டு அகலவும் இல்லை.

எனக்குப் புரியாதவற்றைச் சொல்கிறேன். செயின்ட் வின்சென்ட் கித்தார் வாசிப்பில் பெயர் பெற்றவர் என்றார்கள். இந்தத் தொகுப்பில் கித்தார் எங்கோ ஓரத்தில்தான் இருக்கிறது. முன்னால் நிற்பவை எல்லாம் ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸஃபோன் போன்ற எங்கள் வீட்டு வாத்தியங்கள். அவையும் எங்களைப் போல மெட்டை எடுத்துக் கார்வை கொடுத்து வாசிப்பதில்லை. ஒருவர் இரண்டு சுரம் வாசித்து நிறுத்துகிறார், அடுத்தவர் மூன்று சுரம் வாசிக்கிறார், மூன்றாமவர் அடியில் ஒரு குட்டு வைக்கிறார். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வரி கிடைக்கிறது. முதல் பாடலான 'ஹூ' தொடங்கும் இடத்தைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும்.

இரண்டாவது சந்தேகம் இதைவிடப் பெரியது. இந்தப் பாடல்கள் யாருடையவை? அவர் பாடுகிறார், இவர் பாடுகிறார், சில இடங்களில் ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வது போல இருக்கிறது; ஆனால் மெட்டு இன்னாருடையது, வார்த்தை இன்னாருடையது என்று பிரித்தறிய முடியவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் இப்போது அதுதான் சிக்கல். அவர் முழுப் பாடலையும் கணினியில் முடித்துவிட்டு, யூஃபோனியம் வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டு எனக்கு அனுப்புகிறார். நான் அதை நிரப்புகிறேன். கூலிக்கு வாசிப்பவனுக்கும் எனக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் மனம் வருந்தினார். நான் கேட்ட விதம் தவறு. ஆனால் கேள்வி தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று. சென்ற ஆண்டு நாங்கள் இருவரும் ஒரு மேடையில் இரண்டு பாடல் செய்து பார்த்தோம். ஒலிபெருக்கியில் அவருடைய கணினித் தாளம் முழங்கியது. என் வாத்தியம் எனக்கே கேட்கவில்லை. எனக்கு முன்னால் மைக் வைத்திருந்தார்கள், இருந்தும் பயனில்லை. இதற்கு இந்தத் தொகுப்பில் ஏதாவது விடை இருக்கிறதா? நிதானமாக எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

வைத்திக்குப்பம் வாசகர்

கெடிலக்கரையான் அவர்களுக்கு வணக்கம். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் ஒரே வேர் இருக்கிறது. அது அந்தத் தொகுப்பு பிறந்த கதையில் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2009ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில், ரேடியோ சிட்டி மண்டபத்தில் நடந்த ஓர் அறக்கொடை இசை நிகழ்ச்சியில் இருவரும் சந்தித்தார்கள். அதே மாதம் அதே நகரில், ஹவுசிங் வொர்க்ஸ் என்ற தொண்டு அமைப்பின் புத்தகக் கடையில், பியோர்க் என்ற ஐஸ்லாந்துப் பாடகியும் டர்ட்டி புரொஜெக்டர்ஸ் குழுவும் சேர்ந்து ஓர் இரவு மட்டும் பாடினார்கள். எய்ட்ஸ் நோயோடு வாழும் வீடற்றவர்களுக்காக நடத்தப்படும் அமைப்பு அது. கடையும் அதற்குப் பொருள் சேர்ப்பதற்காகவே இருக்கிறது. அந்த இரவு நன்றாக அமைந்ததால், அதே போல நீங்கள் இருவரும் ஒன்று செய்யுங்கள் என்று பைர்னையும் ஆனி கிளார்க்கையும் கேட்டார்கள். செயின்ட் வின்சென்ட் என்பது ஆனி கிளார்க் தமக்கு வைத்துக்கொண்ட மேடைப் பெயர்.

இப்போது அந்த அறையைக் கண்முன் கொண்டுவாருங்கள். சுற்றிலும் புத்தக அலமாரிகள், நடுவில் கொஞ்சம் இடம். அங்கே கித்தார் பெட்டிகளையும் பெரிய ஒலிபெருக்கிகளையும் கொண்டுபோய் அடுக்கினால் பாட்டுக் கேட்க வந்தவர் காதைப் பொத்திக்கொள்வார். அதனால் பித்தளை வாத்தியக் குழுவை வைத்துக்கொள்ளலாம் என்று கிளார்க் யோசனை சொன்னார். ஊதுகிற வாத்தியங்களுக்கு மின்சாரம் வேண்டாம். தம்முடைய அளவைத் தாமே வைத்துக்கொள்ளும். பாடுகிற குரலுக்கு மட்டும் ஒரு சிறிய மைக் இருந்தால் போதும். ஓர் இரவுக்காகத் தொடங்கியது பாடல் மேல் பாடலாக வளர்ந்து மூன்று ஆண்டுகளில் முழுத் தொகுப்பாகிவிட்டது. புத்தகக் கடைக்காக எடுத்த முடிவு மட்டும் மாறவே இல்லை. கித்தாரை அவர் ஓரமாக வைத்ததன் காரணம் இதுதான்.

பைர்னின் நூலான 'ஹவ் மியூசிக் வொர்க்ஸ்' அதே 2012 செப்டம்பரில் வெளிவந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இசை எந்த இடத்தில் வாசிக்கப்படப் போகிறதோ அந்த இடமே அதன் உருவத்தைத் தீர்மானிக்கிறது என்பது அந்த நூலின் முதல் இயலில் அவர் நிறுவ முயல்கிற கருத்து. கல்லால் கட்டிய உயர்ந்த தேவாலயத்தில் ஒலி நெடுநேரம் சுழன்றுகொண்டிருப்பதால் அங்கே மெதுவாக நகரும் நீண்ட சுரங்கள் பொருந்தும். வெட்டவெளியில் தோல் வாத்தியம் பொருந்தும் என்று விளக்குகிறார். நமக்கு இது புதிதில்லை. மாசி மகத்தன்று எங்கள் வைத்திக்குப்பம் கடற்கரையில் நாகசுரமும் தவிலும் கேட்டவர் அதே கச்சேரியை ஓர் அடைத்த கூடத்தில் கேட்டுப் பார்க்கட்டும், காது வலிக்கும். நாகசுரத்தின் குறை அல்ல அது. அந்த வாத்தியம் வெளிப் பிரகாரத்தையும் நான்கு மாட வீதியையும் மனத்தில் வைத்து வளர்ந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பைர்ன் 1952இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். டாக்கிங் ஹெட்ஸ் என்ற ராக் குழுவை நடத்தி முடித்தவர். கிளார்க் 1982இல் பிறந்தவர். முப்பது வயது வித்தியாசம். இவ்வளவு இடைவெளி இருந்தால் பெரும்பாலும் மூத்தவர் தொகுப்பில் இளையவர் விருந்தாளியாகிவிடுவார். இங்கே அப்படி நடக்கவில்லை என்பதற்குக் காரணம், இருவருமே சொந்த வீட்டில் இல்லை. இருவரும் கித்தார் கையில் வைத்து வளர்ந்தவர்கள்; பித்தளை வாத்தியக் குழு இருவருக்கும் மாற்றான் வீடு. ஒருவர் கணினியில் சில ஊதல் துண்டுகளைச் செய்து மின்னஞ்சலில் அனுப்புவார். மற்றவர் அதை வெட்டி, இடம் மாற்றி, மேலே ஒரு மெட்டோ சில வரிகளோ சேர்த்துத் திருப்பி அனுப்புவார். பிறகு அதுவே இவர் பக்கம் தொடங்கி அவர் பக்கம் முடியும். இப்படிப் பலமுறை போய்வந்த துண்டில் யார் கைரேகை எது என்று தேடினால் கிடைக்காது.

உங்கள் தோழி முழுவதையும் முடித்துவிட்டு உங்களுக்கு ஒரு கட்டத்தை மட்டும் ஒதுக்குகிறார். அந்த வரிசையை ஒரு பாட்டுக்காவது தலைகீழாக்கிப் பாருங்கள். நீங்கள் நாலு வரி ஊதிப் பதிவுசெய்து முதலில் அனுப்புங்கள். அவர் அதை வெட்டட்டும். வெட்டினால் வருந்தாதீர்கள்.

பழைய நோட்டு

தம்பி கெடிலக்கரையானுக்கு என் அன்பு. நான் அரியாங்குப்பத்தில் இருக்கிறேன். நாற்பது ஆண்டு கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் ஊதி, பல் விழுந்த பிறகு நிறுத்தியவன். இந்தத் தொகுப்பை நேற்று என் பேரன் போட்டுக் காட்டினான். பாட்டின் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஊதலை மட்டும் கேட்டு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

மூன்று பேர் சேர்ந்து ஒரு வரியை முடிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியது மிகச் சரி. அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கணினியில் ஒரு சுரத்தை எழுதினால் அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும்; அதற்கு நுரையீரல் கிடையாது. என் மாஸ்டர் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் மேலே பென்சிலால் சின்னதாக ஒரு காற்புள்ளி போடுவார். அதுதான் மூச்சு. பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் காற்புள்ளிக்கு இடம் இல்லை என்றால், இதை மனிதன் வாசிக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்தத் தொகுப்பில் துண்டு துண்டாகப் பகிர்ந்து வாசிப்பதனால் ஒவ்வொருவருக்கும் மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது, ஆனால் மொத்த வரியில் மூச்சு விட்ட இடமே தெரிவதில்லை. கணினியில் பிறந்ததை மனித வாய்க்குத் தகுந்தபடி பிரித்து எழுதிக் கொடுத்த ஆட்கள் நடுவில் இருந்திருக்க வேண்டும் என்று பேரனிடம் சொன்னேன். அவன் தேடிப் பார்த்து, டோனி ஃபின்னோ, கெல்லி பிராட், கென் தாம்சன், லென்னி பிக்கெட் என்று வரிசையாகப் பெயர் வாசித்தான். பாட்டுக்காரர் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கும். இந்த வேலை செய்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் தோழி எழுதி அனுப்புவதை நீங்கள் அப்படியே வாசிக்க முயல வேண்டாம். பென்சிலை எடுத்து முதலில் காற்புள்ளி போடுங்கள். உதடும் ஒரு கணக்கு. தொடர்ந்து உச்சத்தில் ஊதினால் மூன்றாவது பாட்டில் உதடு தாங்காது. ஒரு பாட்டில் மேலே போனால் அடுத்த பாட்டில் கீழே இறங்கி ஓய்வு கொடுக்க வேண்டும். மெதுவான சத்தத்தில் நீளமாகப் பிடிப்பது, பலமாக ஊதுவதைவிடக் கடினம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஊதாதவர்களுக்கு அது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

சுருதியையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நம் ட்ரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம். தாளில் 'சி' என்று எழுதினால் வெளியே வருவது பி ஃப்ளாட். யூஃபோனியத்துக்கு ட்ரம்பெட் போல ட்ரெபிள் கிளெஃப் என்ற மேல் ஸ்தாயிக் குறியீட்டில் எழுதினால், எழுதியதைவிட ஒரு ஸ்தாயியும் ஒரு முழுச் சுரமும் கீழே ஒலிக்கும். கணினிக்காரர்கள் தாளில் தெரிவதைத்தான் நம்புவார்கள். பாதிச் சண்டைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

மேடையில் உங்கள் வாத்தியம் கேட்கவில்லை என்றீர்களே, அதன் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ட்ரம்பெட்டின் வாய் நேராக முன்னால் பார்க்கிறது. அது ஊதினால் எதிரே நிற்பவன் முகத்தில் அடிக்கும். உங்கள் யூஃபோனியத்தின் வாய் வானத்தைப் பார்க்கிறது. அதன் குழல் போகப் போக விரிந்துகொண்டே போவதால் சத்தமும் மெத்தென்று இருக்கும். மார்புக்கு நேரே மைக் வைத்தால் அது உங்கள் விரல் கட்டையைத் தட்டும் சத்தத்தைத்தான் பிடிக்கும். மைக்கைத் தலைக்கு மேலே, வாத்தியத்தின் வாய்க்குக் கொஞ்சம் விலக்கித் தொங்கவிடச் சொல்லுங்கள். மேலே கூரை இருக்கிற இடமாகப் பார்த்தால் மைக்கே தேவைப்படாது; ஒலி மேலே போய் மோதித் திரும்பி வரும். புதுச்சேரியின் பழைய தேவாலயமான சம்பா கோயிலின் உள்ளே கிறிஸ்துமஸ் பாட்டுக்கு நான் பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு யூஃபோனியம் முழுக் கூட்டத்தையும் தாங்கியது.

மஞ்சக்குப்பம் கேட்பவர்

மேலே இருவரும் சொன்ன தகவல்களை மதிக்கிறேன். ஆனால் இந்தத் தொகுப்பைப் பற்றிய மதிப்பீட்டில் எனக்கு உடன்பாடு இல்லை.

என் குறை தாளத்தில். பெரும்பாலான பாடல்களில் தாளம் ஜான் காங்கில்டன் என்ற இசைத் தயாரிப்பாளர் கணினியில் கட்டியது. மூச்சு விடுகிற எட்டுப் பத்து மனிதர்களை, மூச்சே விடாத ஓர் இயந்திரத்தின் கட்டத்துக்குள் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தொகுப்பு உதாரணம். ஊதல்கள் கச்சிதமாக விழுகின்றன. ஆனால் நெளிவு இல்லை. நம் ஊர் சைடு டிரம்காரர் ஊர்வலம் திருப்பத்தில் திரும்பும்போது ஒரு நொடி இழுத்துப் பிடிப்பாரே, அந்த இழுப்பில்தான் உயிர் இருக்கிறது. 'த ஒன் ஹூ ப்ரோக் யுவர் ஹார்ட்' பாடலில் டாப் கிங்ஸ், ஆன்டிபாலாஸ் என்ற இரு குழுக்களும் வந்து சேர்ந்தவுடன் எல்லாம் தளர்ந்து நடனமாடுகிறது. அந்த ஒரு பாடல் மற்றவற்றின் இறுக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

யாருடைய பாட்டு என்று தெரியாதிருப்பதே சிறந்த கூட்டு என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 1986இல் வந்த 'மெல்லத் திறந்தது கதவு' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாடல்களுக்கு மெட்டு எம்.எஸ். விஸ்வநாதன், வாத்தியச் சேர்க்கை இளையராஜா. எல்லை தெளிவாக இருந்தது. அந்த எல்லையில் நின்று கேட்டால், மூத்தவரின் மெட்டு எவ்வளவு எளிமையாக நடக்கிறது, இளையவர் அதைச் சுற்றி வயலின்களை எப்படி நெய்கிறார் என்று இரண்டும் தனித்தனியாகவும் சேர்ந்தும் காதில் விழும். அதில் யாரும் கூலிக்கு வாசித்தவர் ஆகவில்லை. ஆகவே கெடிலக்கரையான் அவர்களே, தோழி மெட்டமைக்க நீங்கள் ஊதல் பகுதி முழுவதையும் பொறுப்பெடுப்பது என்று பிரித்துக்கொண்டாலும் அது மதிப்புக்குறைவு அல்ல. காலி இடத்தை நிரப்புவது வேறு, ஒரு துறை முழுவதையும் ஏற்பது வேறு.

பைர்னின் கூட்டு முயற்சிகளில் எனக்கு நெருக்கமானது அவர் பிரையன் ஈனோ என்ற இசைக்கலைஞருடன் 1981இல் வெளியிட்ட 'மை லைஃப் இன் த புஷ் ஆஃப் கோஸ்ட்ஸ்'. அதில் இருவருமே பாடவில்லை. வானொலியிலிருந்தும் இசைத்தட்டுகளிலிருந்தும் எடுத்த போதகர்கள், பாடகர்கள், பேச்சாளர்களின் குரல்களைத் தாளத்தின் மீது வைத்தார்கள். பாடகர் என்ற இடமே காலியாக இருந்ததால் யார் பெரியவர் என்ற கேள்வியும் எழவில்லை. 2006இல் அதை மறுவெளியீடு செய்தபோது இரண்டு பாடல்களின் தனித்தனி ஒலித்தடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றியமைக்கலாம் என்று பொதுவில் வைத்தார்கள். உங்கள் தோழி கணினி அறிந்தவர் ஆதலால், அந்தத் தடங்கள் கிடைத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கெடிலக்கரையான்

மூவருக்கும் நன்றி. பெரியவர் பழைய நோட்டு அவர்கள் மைக்கைப் பற்றிச் சொன்னதைப் படித்தவுடன் வாத்தியத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். பதினான்கு ஆண்டுகளாக மடியில் வைத்து ஊதுகிறேன். அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

மஞ்சக்குப்பம் நண்பர் தாளத்தைப் பற்றிச் சொன்னது என்னை உறுத்துகிறது, ஏனென்றால் எங்கள் பாடல்களிலும் தாளம் கணினியில்தான் இருக்கிறது. அவர்கள் மேடையில் வாசித்தபோதும் அதே இயந்திரத் தாளத்தை வைத்துக்கொண்டார்களா?

வைத்திக்குப்பம் வாசகர்

மேடையில் மாறிவிட்டது. 2012, 2013 ஆண்டுகளில் அவர்கள் சுற்றுப்பயணம் போனபோது எட்டு ஊதல் கலைஞர்களோடு ஒரு டிரம்ஸ் கலைஞரும் ஒரு கீபோர்டு கலைஞரும் இருந்தார்கள். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. ஊதுகிறவர்கள் நாற்காலியில் உட்காரவில்லை. ஆனி-பி பார்சன் என்ற நடன ஆசிரியர் அவர்களுக்கு அசைவு அமைத்துக் கொடுத்தார். வரிசையாக நடப்பதும், வட்டமாகச் சூழ்வதும், கூட்டமாக ஒதுங்கிப் பாடுகிறவருக்கு இடம் விடுவதுமாக மேடை முழுவதும் உலவினார்கள். டாக்கிங் ஹெட்ஸின் 'பர்னிங் டவுன் த ஹவுஸ்', செயின்ட் வின்சென்டின் 'க்ரூயல்' போன்ற பழைய பாடல்களையும் அதே ஊதல் குழுவை வைத்து மாற்றி வாசித்தார்கள். அவரவர் சொந்தப் பாட்டு, இருவருக்கும் பொதுவான அந்த மாற்றான் வீட்டுக்குள் வந்துவிட்டது.

கம்பி இல்லாமல் உடம்போடு சுமந்து நடக்கிற இசைக்குழு என்ற அந்த எண்ணத்தைப் பைர்ன் பிறகும் விடவில்லை. 2018இல் அவர் நடத்திய 'அமெரிக்கன் உட்டோப்பியா' சுற்றுப்பயணத்தில் டிரம்ஸ் உட்பட எல்லா வாத்தியங்களையும் கலைஞர்கள் தோளில் மாட்டிக்கொண்டே வாசித்தார்கள். அதற்கும் அசைவு அமைத்தவர் பார்சன்தான். அந்த நிகழ்ச்சியின் படங்களைப் பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஜூலை 13 இரவு, பழைய படைவீரர்கள் விளக்கேந்திப் போகும் ஊர்வலத்தோடு சிறு வயதில் கடற்கரைச் சாலை நெடுக நான் நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. பேண்டு நம்மைக் கடந்து போகும்போது முதலில் ட்ரம்பெட் வரும், பிறகு நடுவில் யூஃபோனியம் வரும், கடைசியில் பெரிய டிரம் நெஞ்சில் இடித்துக்கொண்டு போகும். பாட்டு ஒன்றுதான், ஆனால் நின்ற இடத்துக்கு ஏற்ப ஒவ்வொருவர் கேட்டதும் வேறு.

மஞ்சக்குப்பம் நண்பரின் குறையைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். 'வீக்கெண்ட் இன் த டஸ்ட்' போன்ற பாடலில் அந்த இறுக்கம்தான் அழகு. கிளார்க்கின் குரல் வழுக்கிக்கொண்டு போக, ஊதல்கள் கத்தரியால் நறுக்கியது போல விழுகின்றன. அங்கே மனிதத் தாளம் இருந்திருந்தால் அந்தக் கூர்மை போயிருக்கும். ஆனால் 'டின்னர் ஃபார் டூ' போன்று மெல்லக் கதை சொல்லும் பாடலுக்கு ஒரு மனிதர் கை வேண்டியிருந்தது என்றுதான் எனக்கும் படுகிறது. தொகுப்பின் அட்டையில் இருவர் முகங்களும் ஒப்பனையால் மாற்றப்பட்டிருப்பதையும், பைர்னின் தாடை கட்டம் போல அகன்றிருப்பதையும் கவனித்தீர்களா? இருவரும் தத்தம் முகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் அதைப் பார்க்கிறேன். என் வாசிப்பு அவ்வளவுதான், அவர்கள் அப்படிச் சொன்னதாகக் கொள்ள வேண்டாம்.

பழைய நோட்டு

தம்பி, தாளத்தைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் ஒத்திகையில் ஒரு முறை அதை நிறுத்திவிட்டு இருவரும் காலால் தட்டிக்கொண்டே வாசித்துப் பாருங்கள். தாளம் நின்றதும் பாட்டும் விழுந்துவிட்டால் எழுதியதில் குறை இருக்கிறது என்று பொருள். விழாமல் நின்றால் பிறகு எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

கெடிலக்கரையான்

நேற்று ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டைக்குப் போய்வந்தேன். நடந்ததை எழுதிவிடுகிறேன், நீங்கள் எல்லோரும் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நான் செய்யக்கூடியது அதுதான்.

தோழி வீட்டுக் கூடத்துக்கு மெட்ராஸ் தளம். மரக்கட்டை பாவிய பழைய கூரை. மைக் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. மடிக்கணினியின் சின்ன ஒலியில் மட்டும் தாளம். பெரியவர் சொன்னது போல ஒலி கூரையில் மோதித் திரும்பி வந்தது. தோழி பாடுவதை மறைக்காமல் என்னால் ஊத முடிந்தது. பிறகு தாளத்தையும் நிறுத்திவிட்டுப் பார்த்தோம். முதல் பாட்டு ஆறாவது வரியில் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் எனக்குப் பதினாறு மாத்திரைக்கு மூச்சே விடாத ஒரு வரியை அவர் எழுதியிருந்தார். நான் தாளில் பென்சிலால் காற்புள்ளி போட இடம் தேடியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என் கையிலிருந்து பென்சிலை வாங்கி அந்த வரியை நான்காகப் பிரித்து, முதல் துண்டையும் மூன்றாம் துண்டையும் எனக்கு வைத்துவிட்டு மற்ற இரண்டையும் ட்ரம்பெட்டுக்கு என்று எழுதினார். எங்களிடம் ட்ரம்பெட் இல்லையே என்றேன். இனி வேண்டும் என்றார்.

அதன் பிறகு நான் ஒன்று கேட்டேன். அவர் பாடும் ஒரு வரி 'கரையோரம்' என்று முடிகிறது. அந்த 'ரம்' வாயை மூடிவிடுகிறது. நான் அப்போதுதான் சுரத்தைத் திறக்கிறேன். 'கரையிலே' என்று முடித்தால் குரலும் வாத்தியமும் சேர்ந்து நிற்கும் என்றேன். அவருடைய வார்த்தையில் நான் கை வைத்தது இதுவே முதல் முறை. இரண்டு முறை பாடிப் பார்த்தார். சரி என்றார். அடுத்த பாட்டுக்கு நான் நாலு வரி ஊதி முதலில் அனுப்புவதாகவும், அதை அவர் இஷ்டம் போல வெட்டிக்கொள்ளலாம் என்றும் பேசியிருக்கிறோம். மஞ்சக்குப்பம் நண்பர் சொன்ன முறையை மூன்றாம் பாட்டில் முயல்வோம். அது தோழியின் பழைய மெட்டு, அதைச் சுற்றிய ஊதல் முழுவதும் என் பொறுப்பு.

எங்கள் செட்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவர் வில்லியனூரில் இருக்கிறார். அவரிடம் பேசிவிட்டேன். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல்தான் அவருக்கு ஒழியும் என்றார். அதற்குள் அந்த இரண்டு துண்டுகளையும் பி ஃப்ளாட்டுக்கு மாற்றி எழுதி வைக்க வேண்டும்.